கான்சாஸ் காளைக்குத் திமில் வைத்த கதை

தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிய அன்று காலை, திருப்பூர் ராயபுரம் வீட்டில் பையை வைத்த கையோடு பனியன் கம்பெனிக்குப் போனேன். மறுநாள் லிண்டா வருகிறார். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்திலிருந்து, எங்களை நம்பி முதன்முதலாக ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு வியாபாரி, எங்கள் பாஷையில் பையர்.

பிரிண்டிங் பகுதிக்குள் நுழைந்தால் சூடான துணியின் வாடையும் மையின் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறின. உலர்த்தும் பெல்ட்டின் மீது பனியன்கள் வரிசையாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நெஞ்சிலும் ஒரு காளை நின்றது. அதற்கு மேல் வளைவாகக் கான்சாஸ் என்று ஆங்கிலத்தில் இருந்தது.

காளையின் முதுகில் திமில் இருந்தது.

சும்மா ஏதோ மேடு தட்டிப் போனதில்லை. பொங்கலுக்குக் குளிப்பாட்டி நிறுத்திய காங்கேயம் காளைக்கு இருக்குமே, அந்த மாதிரி ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்த, கொழுத்த திமில். லிண்டா அனுப்பிய படத்தில் இது கிடையாது. நான் ஊருக்குக் கிளம்பிய அன்றுகூடக் கிடையாது.

பின்னாலிருந்து முதலாளி சென்னியப்பனின் குரல் கேட்டது.

“வாங்க அம்மிணி. கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா?”

“முடிஞ்சுது சார். சார், இந்தக் காளை...”

“பாத்துட்டீங்களா? அந்தம்மா படத்துல திமில உட்டுப்போட்டாங்க. நாந்தான் டிசைன் பையங்கிட்டச் சொல்லிப் போட வெச்சேன். அளவு சரியா இருக்குதுங்களா?”

அவர் முகத்தில் குற்ற உணர்வு துளிகூட இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளையின் கணக்கைத் திருத்திக் கொடுத்த வாத்தியாரின் திருப்திதான் இருந்தது. எனக்குத்தான் பகீரென்றது.

சக்கரம் வைத்த நாற்காலி

எனக்கு ஏன் பகீரென்றது என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு என் நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் குடும்பம் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைப்புக்குத் திருப்பூர் வந்தது. நான் இந்தக் கம்பெனியில் செக்கிங் மேஜையில் சேர்ந்தேன். தைத்து வரும் பனியனைப் புரட்டிப் புரட்டி ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்க்கிற வேலை. நின்றுகொண்டே பார்க்க வேண்டும். வருஷக்கணக்கில் நின்றேன். தபால் வழியில் ஆங்கிலம் படித்துப் பட்டம் வாங்கியபோதும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

கம்பெனி அப்போது பெரிய ஏற்றுமதிக்காரர்களுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுத்துவந்தது. அவர்கள் துணி கொடுப்பார்கள், நாங்கள் தைத்துக் கொடுப்போம். பனியன் எந்த நாட்டுக்குப் போகிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் கம்பெனி மெயிலுக்கு லிண்டா என்ற பெண் ஏதோ கேட்டு எழுதியிருந்தார். பதில் எழுத ஆளில்லாமல் முதலாளி என்னைக் கூப்பிட்டார். எழுதினேன். லிண்டா திரும்ப எழுதினார். நானும் திரும்ப எழுதினேன். சில மாதத்தில் ஆர்டர் வந்தது.

ஆர்டர் வந்த வாரம் எனக்கு ஒரு மேஜையும் சக்கரம் வைத்த நாற்காலியும் வந்தன. பையரிடம் பேசி ஆர்டரைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் என்று பதவியும் வந்தது. நாற்காலியைப் போட்ட அன்றே முதலாளி சொன்னார்:

“இந்த ஆர்டர் நெலச்சா இந்தச் சேரும் நெலைக்குமுங்க அம்மிணி. இல்லீன்னா பழையபடி ஜாப் ஒர்க்தான். நீங்களும் செக்கிங்குக்கே போயிர்றதுதான்.”

மிரட்டலாகச் சொல்லவில்லை. மழை வராவிட்டால் சோளம் வராது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

டீ நேரத்துக் கான்சாஸ்

லிண்டா தன் மாநிலத்துச் சந்தைகளிலும் அருங்காட்சியகக் கடைகளிலும் பனியன் விற்பவர். அவர் கேட்டது ஏழு படங்கள் கொண்ட வரிசை. கான்சாஸின் வரலாறு முழுவதும் ஏழு நெஞ்சில். காட்டெருமை, கூண்டு வண்டி, மண் வீடு, கல் வேலி, கோதுமை, காற்றாலை, கடைசியில் காளை. ஒவ்வொரு பனியனிலும் தொங்கும் அட்டையில் சின்னக் குறிப்பு ஒன்று அச்சாக வேண்டும். அதைப் பிழை பார்க்கும் சாக்கில் நான் அந்த மாநிலத்தின் கதையைத் தேடித் தேடிப் படித்தேன்.

“ஏட்டி, நம்ம ஊரு வரலாறே நமக்குத் தெரியாது. அந்த ஊரு கதை ஒனக்கு எதுக்குட்டி?” என்பாள் அம்மா. நாற்காலிக்குத்தான் என்று சொன்னால் புரியாது.

புரிந்துகொண்டவர் முதலாளி ஒருவர்தான். காங்கேயம் சாலையில் தோட்டமும் மேய்ச்சல் காடும் வைத்திருந்த விவசாயக் குடும்பம் அவருடையது. கிணறு வற்றிய பிறகு தோட்டத்தின் ஓரத்தில் தையல் மெஷின் போட்டு, பிறகு மெஷின்களின் ஓரத்தில் தோட்டம் என்றாகிவிட்டது. தினமும் டீ வந்ததும் என் மேஜைக்கு வந்து நிற்பார்.

“சொல்லுங்க அம்மிணி. இன்னைக்கு உங்க கான்சாஸ்ல என்னுங்க?”

நான் சொல்வேன். கண்ணுக்கெட்டிய தூரம் புல் மட்டுமே இருந்த பூமி. அதில் குடியிருந்த ஆதி மக்களை விரட்டிவிட்டு, வந்து உழுகிறவனுக்கு நிலம் என்று அரசாங்கம் அறிவித்தது.

“அப்ப ஏற்கனவே இருந்தவங்க உழுகலீங்களா?”

“அவங்கள்ல உழுதவங்களும் உண்டு சார். ஆனா அறிவிப்பு அவங்களுக்கு இல்ல.”

டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, “அது எங்கயும் அப்படித்தானுங்க,” என்றார்.

வந்தவர்களுக்கு வீடு கட்ட மரமில்லை. புல்லோடு சேர்த்து மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கிச் சுவர் வைத்தார்கள். மழை பெய்தால் கூரை ஒழுகும். மழை நின்ற பிறகும் வீட்டுக்குள் சொட்டிக்கொண்டிருக்கும். வேலிக்கும் மரமில்லை. பூமிக்கடியிலிருந்து சுண்ணாம்புக் கல்லை வெட்டியெடுத்துத் தூண் தூணாக நட்டுக் கம்பி கட்டினார்கள். இதைக் கேட்டபோது முதலாளிக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

“கல்லையா நட்டாங்க? அப்ப நம்மாளுகதானுங்க. ஒரு கிளுவைக் குச்சி கொண்டுபோய் நட்டிருந்தா அதுவே உயிர் வேலியா வந்திருக்கும். சொல்ல ஆளில்லாமப் போச்சு.”

ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு கூட்டம் தங்களோடு கோதுமை விதையையும் கொண்டுவந்தது. அந்தக் கோதுமை அந்த மண்ணுக்குப் பிடித்துப்போனது. விலை ஏறியது. புல்லையெல்லாம் உழுதார்கள். பிறகு சில வருஷம் மழை பொய்த்தது. பிடித்துவைக்கப் புல் இல்லாத மண் காற்றில் கிளம்பியது. பட்டப்பகலில் இருட்டிக்கொண்டு வரும் புழுதி, பூட்டிய வீட்டுக்குள் சோற்றுத் தட்டில் படியும் புழுதி. அப்புறம் ஆழத்திலிருந்து தண்ணீரை இறைக்கக் கற்றுக்கொண்டார்கள். இப்போது அந்தத் தண்ணீரும் கீழே போய்க்கொண்டிருக்கிறது.

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பினார். அவருடைய தோட்டத்தில் மூடிக் கிடக்கும் ஆழ்துளைக் கிணறுகள் என் ஜன்னலிலிருந்து தெரியும்.

“தண்ணி போயிருச்சுன்னா அப்பறம் பனியன் கம்பெனி போட வேண்டியதுதானுங்களே?”

“அவங்க போடல சார். நம்மகிட்டத் தச்சு வாங்குறாங்க.”

“வெவரமானவங்கதான்,” என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

உதவி செய்த குற்றம்

இப்படி வரலாறு கேட்ட மனிதர்தான் காளையில் கை வைத்துவிட்டார். அதற்கும் ஒரு பின்கதை உண்டு.

முன்பு ஒருமுறை பெரிய ஏற்றுமதிக்காரர் கொடுத்த அளவுத்தாளில் இடது கை வலது கையைவிட நீளமாக இருந்தது. மற்ற கம்பெனிகள் தாளில் உள்ளபடியே தைத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தன. எங்கள் முதலாளி இரண்டு கையையும் சமமாக்கித் தைத்தார். பாராட்டுக் கிடைத்தது. அன்றிலிருந்து பையர் தப்பு விட்டால் கேட்காமலே திருத்திக் கொடுப்பது எங்கள் கம்பெனியின் கொள்கையாகிவிட்டது. ஊரெல்லாம் பையர் சொன்ன தப்பை அப்படியே செய்து பிழைத்துக்கொண்டிருக்கும்போது எங்களுக்கு மட்டும் இப்படி ஒரு பெருமை.

“சார், அங்க மாடே அப்படித்தான் சார். திமில் கிடையாது,” என்றேன், அன்று பெல்ட்டின் பக்கத்தில் நின்றபடி.

“அது எனக்குத் தெரியாதுங்களா? ஆனா நெஞ்சுல போட்டுட்டுத் திரியறதுக்கு ஒரு லட்சணம் வேண்டாமுங்களா? அந்தம்மா பாத்தா அவங்களே சந்தோசப்படுவாங்க பாருங்க.”

மற்ற ஆறு படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவற்றில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. ரஷ்யக் கோதுமையும் மண் வீடும் அவருக்குச் சம்பந்தமில்லாத விஷயங்கள். மாடு அப்படியில்லை.

லிண்டா வந்தார்

லிண்டாவுக்கு அறுபது வயதிருக்கும். வெயிலில் சிவந்த கை, குட்டை முடி, மண் ஒட்டிய கனமான காலணி. அமெரிக்கப் பெண்மணி என்று நாங்கள் மனதில் வரைந்து வைத்திருந்தவரில் பாதிகூட இல்லை. மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டார், இளநீரை ஒரே மூச்சில் குடித்தார், உடனே பனியனைக் காட்டச் சொன்னார்.

மேஜையில் ஏழு பனியன்களையும் விரித்தோம். முதல் ஆறையும் தடவிப் பார்த்து, தையலை இழுத்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். ஏழாவதைக் கையில் எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இது எங்கள் காளை இல்லை,” என்றார்.

மொழிபெயர்த்தேன். முதலாளி பணிவாகத் தலையாட்டினார்.

“ஆமாங்க. கொஞ்சம் சரி பண்ணியிருக்கறமுங்க. அதுக்குத் தனியா ஒண்ணும் வேண்டாமுன்னு சொல்லுங்க அம்மிணி.”

லிண்டா சிரிக்கவில்லை. தங்கள் ஊரில் மாட்டைப் பார்த்தே யார் வீட்டு மாடு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் இதை விற்க முடியாது, மறுபடி அச்சடிக்க வேண்டும் என்றார். ஏழும் ஒரே வரிசை, ஒன்று இல்லாவிட்டால் ஏழும் இல்லை என்றார். குரல் உயரவே இல்லை.

முதலாளியும் குரலை உயர்த்தவில்லை. கொங்கு நாட்டில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

“தப்பா நெனைக்காதீங்கன்னு சொல்லுங்க. எருமையப் போடச் சொன்னீங்க, போட்டமுங்க. வண்டியப் போட்டமுங்க. திமில் இல்லாத காளைய மட்டும் என்ர கம்பெனியிலிருந்து அனுப்ப எனக்கு மனசு ஒப்பலீங்க. அது ஊனமுங்க.”

ஊனம் என்ற சொல்லை எப்படி மொழிபெயர்ப்பது என்று யோசித்தேன். யோசித்த நேரம் முழுவதும் என் நாற்காலிதான் கண்ணில் நின்றது. அந்த நாற்காலி எனக்கு வேண்டும். அதைவிட்டு எழுந்து மறுபடி செக்கிங் மேஜை முன்னால் போய் நிற்பதை நினைத்தால் அழுகை வந்தது. ‘அவருக்கு அது அழகாகப் படவில்லை’ என்று மட்டும் லிண்டாவிடம் சொன்னேன்.

லிண்டா பனியனை மடித்து வைத்தார். “அப்படியென்றால் அழகான காளை எங்கே இருக்கிறது? அவரிடம் இருக்கிறதா?” என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு மட்டும் முதலாளிக்கு என் உதவி தேவைப்படவில்லை. எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

கட்டுத்தரை

கம்பெனிக்குப் பின்பக்கம், கொழுக்கட்டைப் புல் முளைத்த கொஞ்சம் மேய்ச்சல் காடு இன்னும் மிச்சமிருந்தது. சுற்றிக் கிளுவை வேலி. அதன் முனையில் மாடு கட்டும் கட்டுத்தரை. கழுத்தும் திமிலும் கறுத்த காங்கேயம் காளை அங்கே நின்றது. புது ஆளைக் கண்டதும் மூச்சை ஊதியது.

நான் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். லிண்டா நிற்கவில்லை. காளைக்கு நேரெதிராகப் போகாமல் பக்கவாட்டில் மெதுவாக நடந்து, அது பார்க்கும்படி கையை நீட்டி, முகர விட்டு, பிறகு தோளில் தடவினார். விரல்கள் திமிலில் ஏறின. காளை தலையைத் தாழ்த்திக் கொடுத்தது.

“மாட்டுக்காரங்க ஊட்டுப் பொண்ணுங்க,” என்றார் முதலாளி என்னிடம், தாழ்ந்த குரலில். விருது கொடுக்கிற மாதிரி இருந்தது.

லிண்டா காளையைச் சுற்றி வந்தார். நல்ல கால், நல்ல முதுகு என்றார். முதலாளி கைகட்டிக்கொண்டு கேட்டார். ஆர்டர் என்ற ஒன்று இருப்பதையே இருவரும் மறந்துவிட்டதாகத் தோன்றியது. நான் மட்டும் மறக்கவில்லை.

அப்போதுதான் கட்டுத்தரையின் அந்தக் கோடியில், தகரக் கூரையின் கீழ், இன்னொரு மாடு எங்களை எட்டிப் பார்த்தது. கறுப்பும் வெள்ளையுமாக, பெரிய மடியோடு, முதுகு ஒரே சமமாக. கலப்பினப் பால் மாடு. நாங்கள் தினமும் குடித்த டீயின் தாய்.

லிண்டா அதைப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இதன் திமில் எங்கே போயிற்று என்று அவரிடம் கேள்.”

இதை மொழிபெயர்க்காமல் தப்பிக்க வழி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. கேட்டேன்.

முதலாளி துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டார்.

“அது பாலுக்குங்க.”

“அப்படியென்றால் இது?” என்று காளையைக் காட்டினார் லிண்டா. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

“இது... இது நமக்குங்க.”

வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளிப் பக்கம் போய் அதை எந்த மாட்டுப் பாலில் எடுக்கிறார்கள் என்று கேட்டாலும், கேட்டவரிடம் இப்படித்தான் துண்டை உதறிக் காட்டுவார்கள்.

லிண்டா முதன்முறையாகச் சிரித்தார். எங்கள் கதையும் அதேதான் என்றார். கான்சாஸ் புல்வெளி முழுக்கத் திமில் உள்ள காட்டெருமைகள்தான் இருந்தன. சுட்டுத் தீர்த்துவிட்டுத் திமில் இல்லாத மாட்டைக் கொண்டுவந்தோம். பிறகு மனசு கேட்காமல் காட்டெருமையை மாநில விலங்காக்கினோம். திமில் உள்ளதைக் கொடியில் வைத்தோம், இல்லாததைத் தட்டில் வைத்தோம்.

கடைசிப் பாதியை நான் மொழிபெயர்க்கவில்லை. முதலாளிக்கு அன்று சஷ்டி விரதம்.

பால் மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டே லிண்டா இன்னொன்றும் சொன்னார். பனியனில் போடச் சொன்னது ஏதோ ஒரு காளை இல்லை. அவருடைய அப்பா வளர்த்த கடைசிக் காளை. சிவப்பு உடம்பு, வெள்ளை முகம். அப்பா இறந்த பிறகு பண்ணையை விற்றார்கள், காளையையும் விற்றார்கள். ஒரே ஒரு போட்டோ மிச்சம். அதைப் பார்த்து வரைந்ததுதான் அந்தப் படம்.

இதை முழுவதும் மொழிபெயர்த்தேன். சொல்லி முடித்தபோது முதலாளியின் முகம் மாறியிருந்தது. கம்பெனி நஷ்டப்பட்ட வருஷத்தில்கூட நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

“அந்தம்மாவோட அப்பாரு வளத்துன மாடுங்களா?”

“ஆமா சார்.”

“மொதல்லயே சொல்லியிருக்கோணுமுங்க. அடுத்தவங்க ஊட்டு மாட்டுக்குக் கொம்பு சீவறதா இருந்தாக்கூடக் கேட்டுப் போட்டுத்தான் சீவுவோம். நான் பாட்டுக்குத் திமிலே வெச்சுப் போட்டேன்.” லிண்டாவைப் பார்த்துக் கும்பிட்டார். “அந்தக் காளை எப்படி இருந்துச்சோ அப்படியே அடிச்சுக் குடுக்கறனுங்க. நானே நின்னு பாத்து அடிக்கறனுங்க.”

சொன்னபடியே நின்றார். முதல் பனியன் பெல்ட்டில் வெளியே வந்ததும் சமமான அந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒப்புதல் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய் முகம் கழுவினார்.

நாற்காலி நிலைத்தது. அதன் ஒரு சக்கரம் மட்டும் அடுத்த மாதமே உடைந்தது. அது வேறு கதை.

சந்தையில்

திமில் வைத்த பனியன்களில் இரண்டை லிண்டா தனக்கென்று எடுத்துப் போனார். மீதி, பையர் வேண்டாமென்று ஒதுக்கும் எல்லாத் துணியையும் போல, காதர்பேட்டையின் மலிவு விலைக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. நாங்கள் மறந்தே போனோம்.

அதற்குப் பிறகு வந்த ஒரு சித்திரையில், காங்கேயம் பக்கத்து மாட்டுச் சந்தைக்கு முதலாளி தன் காளையைக் கொண்டுபோனார். விற்க இல்லை, காட்ட. ஆபீஸ்காரர்களையும் வரச் சொன்னார். வெயில், சாணி, கரும்புச்சாறு மெஷினின் மணிச்சத்தம். அந்தக் கூட்டத்தில் நடுவயதுக்காரர் ஒருவர் தன் காளையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெஞ்சில் எங்கள் பனியன். கான்சாஸ் என்ற எழுத்தின் கீழே, ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்த அந்தத் திமில்.

ஆசை தாங்காமல், “இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா அண்ணே?” என்று கேட்டேன்.

“கான்சாஸுங்க. அமெரிக்காவுல ஒரு சீமை. அங்கயெல்லாம் நம்ம மாடுதானாமுங்க.” காளையின் திமிலைப் பெருமையாகத் தட்டினார். “அவங்களுக்குத் தெரியுது பாருங்க இதோட அருமை. நாமதான் இத உட்டுப்போட்டுச் சீமை மாட்டைக் கட்டிக்கிட்டு அழுவறோம்.”

கான்சாஸின் வரலாற்றை அட்டை அட்டையாகப் பிழை பார்த்தவள் நான். திருத்திச் சொல்ல வாயைத் திறந்தேன். முதலாளி என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. பிறகு அவரே அந்த மனிதரிடம் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

“ஏனுங்க, உங்கூட்டுல காப்பிக்கு எந்த மாட்டுப் பாலுங்க?”

அந்த மனிதர் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

“கருப்பு வெள்ளதானுங்க.”